ஆறு மாத லீவு: எல் சால்வடோரின் இரண்டு அதிபர்கள்

எங்கள் தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருக்கிற அண்ணனுக்குக் கை ஒரு பக்கம், கண் ஒரு பக்கம். மடித்து அடுக்கிய வேட்டிகள்மேல் போனைச் சாய்த்து வைத்துவிட்டுத் தேய்த்துக்கொண்டே பார்ப்பார். போன வாரம் சட்டைகளை வாங்கப் போனபோது ஓடிக்கொண்டிருந்தது எல் சால்வடோர் நாட்டுச் சிறை. மொட்டைத் தலைகள், வெள்ளை அரை டிராயர், முகமெல்லாம் பச்சை குத்து, தலையைக் குனிந்துகொண்டு வரிசையாக ஓடும் நூற்றுக்கணக்கான ஆண்கள், பின்னணியில் 'உலகத்திலேயே பயங்கரமான ஜெயில்' என்று தமிழில் ஒரு கரகர குரல். "பாத்தியா தம்பி, இவன் ஆளு. இப்படி ஒருத்தன் நம்மூருக்கு வரணும்" என்றார். அவர் சும்மா சொல்லவில்லை. இரண்டு வருஷத்துக்கு முன் பைக்கில் வந்த இரண்டு பேர் அவர் மனைவியின் தாலிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு போனார்கள். கழுத்தில் தழும்பு இருக்கிறது, சங்கிலி வரவில்லை.

அன்று சாயங்காலமே ஒரு நண்பனிடம் இதைச் சொன்னேன். அவன் ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான்: "ஹிட்லர்டா அவன்." நமக்கு இது ஒரு வசதி. ஹாஸ்டல் வார்டனும் ஹிட்லர், மாமியாரும் ஹிட்லர், பிடிக்காத கட்சித் தலைவரும் ஹிட்லர். அப்படிச் சொன்னதும் பேச்சு முடிந்துபோகிறது, எதுவும் புரிவதில்லை. எல் சால்வடோர் அதிபர் நாயிப் புகேலேயை யாரோடாவது ஒப்பிட வேண்டுமென்றால் ஜெர்மனி வரைக்கும் போகவே தேவையில்லை. அவர் உட்கார்ந்திருக்கிற அதே நாற்காலியில் 1931 முதல் 1944 வரை ஒரு ஜெனரல் உட்கார்ந்திருந்தார். பெயர் மாக்சிமிலியானோ எர்னாண்டஸ் மார்ட்டினெஸ். அந்த ஜெனரலுக்கும் நம் அடையாறுக்கும் ஒரு சம்பந்தம் உண்டு என்பது எனக்கே கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது.

முதலில் நாடு. மத்திய அமெரிக்காவில், பசிபிக் கரையோரமாக ஒரு சின்ன நாடு. சுமார் 21,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டில் ஆறில் ஒரு பங்கு. சனத்தொகை 60 லட்சம் சொச்சம். நம் சென்னை மாநகராட்சி எல்லைக்குள் இருக்கிற ஜனத்தை ஒரு நாடாகப் பரப்பி வைத்த மாதிரி. நடுவில் எரிமலைகள், சரிவெல்லாம் காப்பித் தோட்டம்.

சரி, அடையாறு. பிரம்மஞான சபையின் உலகத் தலைமையகம் எங்கே இருக்கிறது என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். பெரிய ஆலமரம் பார்க்கப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிப்போயிருப்பார்கள். 1989-ல் அதன் அடிமரம் சாய்ந்த பிறகும் விழுதுகள் நிற்கின்றன. சபை 1875-ல் நியூயார்க்கில் தொடங்கி 1882-ல் அடையாற்றுக்கு வந்தது. அதே 1882-ல்தான் மார்ட்டினெஸ் பிறந்தார், இது வெறும் தற்செயல். அவர் வளர்ந்து ராணுவ அதிகாரியான காலத்தில் இந்தப் பிரம்மஞானக் கருத்துகள் லத்தீன் அமெரிக்காவின் படித்த வட்டாரங்களில் நன்றாகவே பரவியிருந்தன. மறுபிறவி, கர்மா, கண்ணுக்குத் தெரியாத உலகங்கள் என்று நம் பாட்டிகள் சும்மா பேசிக்கொண்டிருந்ததெல்லாம் அங்கே புது விஞ்ஞானம் மாதிரி போய்ச் சேர்ந்தது. மார்ட்டினெஸ் அதில் முழுசாக மூழ்கினார். அதிபரான பிறகு ரேடியோவில் தத்துவப் பிரசங்கம் செய்தார், தன்னை 'குரு' என்று சொல்லிக்கொள்வதில் பிரியம். கலர் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி வெயிலில் வைத்து மருந்து என்று கொடுப்பார். தலைநகர் சான் சால்வடோரில் அம்மை பரவியபோது தெருவிளக்குகளுக்குக் கலர் காகிதம் சுற்றச் சொன்னார் என்பது அவரைப் பற்றி எழுதும் எல்லோரும் தவறாமல் சொல்கிற கதை. எறும்பைக் கொல்வது மனிதனைக் கொல்வதைவிடப் பெரிய பாவம், ஏனென்றால் மனிதன் மறுபடி பிறப்பான், எறும்பு செத்தால் செத்ததுதான் என்று அவர் சொன்னதாகவும் ஒரு வாசகம் சுற்றுகிறது. ஊர் அவருக்கு வைத்த பெயர் 'சூனியக்காரர்'.

சகோதரத்துவம் என்பதை முதல் நோக்கமாக எழுதி வைத்த ஒரு சபையின் தத்துவத்திலிருந்து இந்த மனுஷன் எறும்பை மட்டும் எடுத்துக்கொண்டார்.

இந்த வினோதங்களைச் சொல்லிச் சிரிப்பது சுலபம், ஆனால் அதில் ஒரு ஆபத்து இருக்கிறது. கோமாளித்தனம் முன்னால் நிற்கும்போது பின்னால் நடந்தது மறைந்துவிடும். 1929-க்குப் பிறகு உலகச் சந்தையில் காப்பி விலை சரிந்தது. ஏற்றுமதி என்றாலே காப்பிதான் என்று இருந்த நாடு அது. கூலி வெட்டப்பட்டது, அறுவடை மரத்திலேயே நின்றது. 1931-ல் தேர்தலில் ஜெயித்து வந்த அதிபர் அர்துரோ அராவுஹோ சமாளிக்க முடியாமல் திணறினார், ராணுவத்துக்கே சம்பள பாக்கி. டிசம்பர் 2-ம் தேதி ராணுவம் ஆட்சியைக் கவிழ்த்தது. அப்போது துணை அதிபரும் போர் அமைச்சரும் யார் என்றால் மார்ட்டினெஸ்தான். இரண்டு நாளில் நாற்காலி அவருடையது. ஏழு வாரம் கழித்து, 1932 ஜனவரி 22 இரவில், மேற்குப் பகுதியில் பழங்குடி விவசாயிகளும் கம்யூனிஸ்டுகளும் கத்தியை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். சில ஊர்களை ஓரிரு நாள் பிடித்து வைத்திருந்தார்கள். அவர்கள் கையால் செத்தவர்கள் நூறு பேருக்குள்தான். பதிலுக்கு ராணுவம் அடுத்த சில வாரங்களில் கொன்றது குறைந்தபட்ச மதிப்பீட்டில் 10,000 பேர், பரவலாகச் சொல்லப்படும் எண்ணிக்கை 30,000. இஸால்கோ என்ற ஊரில் ஃபெலிசியானோ அமா என்கிற பழங்குடித் தலைவரைத் தூக்கில் தொங்கவிட்டார்கள். கம்யூனிஸ்ட் தலைவர் ஃபராபுந்தோ மார்த்தியைச் சுட்டுக் கொன்றார்கள். உடுப்பைப் பார்த்து, முகத்தைப் பார்த்துச் சுட்டதால், பிழைத்தவர்கள் உடுப்பை மாற்றிக்கொண்டார்கள், நாவாட் மொழியைப் பிள்ளைகளுக்குச் சொல்லித்தருவதை நிறுத்தினார்கள். இன்றைக்கு அந்த மொழி கிட்டத்தட்ட அழிவில் நிற்பதற்கு அந்த ஜனவரி ஒரு முக்கியக் காரணம். ஸ்பானிஷில் அதற்கு ஒரே சொல்தான், 'படுகொலை' என்று.

இதை எழுதிவிட்டு அடுத்த வரியில் புகேலே என்று எழுதவே கை கூசுகிறது. அந்த அளவுக்கு எதுவும் இவர் ஆட்சியில் நடக்கவில்லை, அப்படி ஒப்பிடுகிறவர்கள் 1932-ல் செத்தவர்களைத்தான் மலிவாக்குகிறார்கள். புகேலே ராணுவக்காரரும் இல்லை. 1981-ல் பிறந்தவர், பணக்கார வியாபாரக் குடும்பம், தொழில் விளம்பரம். இடதுசாரிக் கட்சிக்கு விளம்பரம் செய்துகொடுத்து, பிறகு அதே கட்சி சார்பில் 2012-ல் ஒரு சின்ன ஊருக்கு மேயர், 2015-ல் தலைநகருக்கு மேயர். அந்தக் கட்சியின் பெயரிலேயே இருப்பது மார்ட்டினெஸ் சுட்டுக்கொன்ற அந்த ஃபராபுந்தோ மார்த்தியின் பெயர்தான். 2017-ல் கட்சி அவரை நீக்கியது, 2019-ல் வேறொரு கட்சிச் சின்னத்தில் நின்று முதல் சுற்றிலேயே 53 சதவீதம் வாங்கி அதிபரானார். இன்னொரு முரண்: அவர் அப்பா வழிக் குடும்பம் பாலஸ்தீனத்திலிருந்து வந்தது. 1930-களில் மார்ட்டினெஸ் அரசு போட்ட சட்டங்கள் அரேபியர்களும் பாலஸ்தீனர்களும் உள்ளே வருவதையும், புதுக்கடை திறப்பதையும் தடுத்தன. எந்தச் சாதியைக் கடை வைக்கக் கூடாது என்று அந்த நாற்காலி சொன்னதோ, அந்தச் சாதிப் பிள்ளை இன்று அந்த நாற்காலியில். ஆக ரத்தத்திலும் அரசியல் வம்சத்திலும் இவர் மார்ட்டினெஸின் எதிர்ப்பக்கம்.

அப்புறம் ஏன் ஒப்பிட வேண்டும்?

அதற்கு முன் அண்ணன் பார்க்கிற வீடியோவுக்கு ஒரு நியாயம் செய்துவிடுகிறேன். 1980 முதல் 1992 வரை அங்கே உள்நாட்டுப் போர், 75,000 பேர் செத்தார்கள். போருக்குத் தப்பி அமெரிக்கா போன குடும்பங்களின் பையன்கள் லாஸ் ஏஞ்சலஸ் தெருக்களில் எம்.எஸ்-13 என்று கும்பல் கட்டினார்கள், ஏற்கெனவே அங்கே இருந்த 18-ம் தெருக் கும்பலிலும் சேர்ந்தார்கள். 90-களில் அமெரிக்கா அவர்களைப் பிடித்துத் திருப்பி அனுப்பியது. போரில் நொறுங்கிய, போலீஸே புதிதாக அமைக்கப்பட்டுக்கொண்டிருந்த ஒரு நாட்டில் வந்து இறங்கினார்கள். பிறகு நடந்ததைச் சென்னைத் தமிழில் சொன்னால் மாமூல். பஸ் ஓட்டினால் மாமூல், ரொட்டிக்கடை வைத்தால் மாமூல், சோளத்தோசை சுட்டு விற்கிற அம்மாவும் வாராவாரம் எடுத்து வைக்க வேண்டும். தராவிட்டால் மிரட்டல் கிடையாது, நேரே சாவு. ஒரு கும்பலின் தெருவில் இருக்கிறவன் அடுத்த கும்பலின் தெருவில் இருக்கிற அத்தை வீட்டுக்குப் போக முடியாது. 2015-ல் கொலை விகிதம் லட்சம் பேருக்கு 103. போர் நடக்காத நாடுகளில் உலகத்திலேயே அதுதான் உச்சம். வலதுசாரிகள் 2003-ல் 'இரும்புக்கை' என்று ஒரு திட்டம் போட்டார்கள், அடுத்த வருஷமே 'சூப்பர் இரும்புக்கை' (பெயர் வைப்பதில் அவர்களும் நம்மவர்கள்தான்), இடதுசாரிகள் 2012-ல் கும்பல்களோடு சமரசம் செய்து பார்த்தார்கள். எதுவும் நிற்கவில்லை. நடுவே முன்னாள் அதிபர்கள் ஒருவர் பின் ஒருவராக ஊழல் வழக்கில் மாட்டினார்கள், ஒருவர் சிறைக்கே போனார். இரண்டு பெரிய கட்சிகளையும் பார்த்து ஜனம் 'போங்கடா' என்று சொன்னபோது, தொப்பியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு செல்ஃபி எடுத்துக்கொண்டே வந்தவர் புகேலே.

2022 மார்ச் 26-ம் தேதி ஒரே நாளில் 62 கொலை. மறுநாள் அவசரநிலை. முப்பது நாளைக்கு என்று அறிவித்தார்கள், அதை மாதாமாதம் புதுப்பித்துக்கொண்டே வருகிறார்கள். வாரண்ட் வேண்டாம், 72 மணி நேரத்துக்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும் என்பது 15 நாளாகிவிட்டது, ஒரே வழக்கில் நூற்றுக்கணக்கானவர்களை மொத்தமாக நிறுத்தி விசாரிக்கலாம். பிடிபட்டவர்கள் 80,000-க்கும் மேல். நம் சேப்பாக்கம் ஸ்டேடியத்தை இரண்டு தடவை நிரப்பி, கேட்டுக்கு வெளியேயும் கூட்டம் நிற்கும். கும்பல் ஆட்களோடு, பச்சை குத்தியிருந்தவன், பக்கத்து வீட்டுக்காரன் போனில் போட்டுக்கொடுத்தவன், தவறான தெருவில் நின்றவன் எல்லோரும் அதில் போனார்கள். சுமார் 8,000 பேரைப் பிறகு நிரபராதிகள் என்று அரசே விட்டது. காவலில் செத்தவர்கள் 300-க்கும் மேல் என்பது மனித உரிமை அமைப்புகளின் கணக்கு. அதே நேரம் மாமூல் கேட்டு வருகிறவன் நின்றுபோனான், அதுவும் நிஜம். ராத்திரி பத்து மணிக்குப் பூங்காவில் குழந்தைகள் விளையாடுகிறார்கள், அதை வாழ்நாளில் பார்க்காதவர்கள் பார்க்கிறார்கள். 2024-ல் அரசுக் கணக்குப்படி மொத்தம் 114 கொலை, லட்சத்துக்கு 1.9. போலீஸ் சுட்டுச் செத்தவர்களை அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை என்று விமர்சனம் உண்டு. சேர்த்தாலும் 103 எங்கே, இது எங்கே.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும், அண்ணனிடமும் சொன்னேன். தமிழ்நாட்டில் கொலை விகிதம் லட்சத்துக்கு இரண்டு சொச்சம். அதாவது புகேலே 80,000 பேரை உள்ளே போட்டு, உலகமே கைதட்ட, எந்த எண்ணுக்கு வந்து சேர்ந்தாரோ, அந்த எண்ணுக்குப் பக்கத்தில்தான் நாம் எந்தப் புகேலேயும் இல்லாமல் இருக்கிறோம். விசாரணை இல்லாமல் ஒரு வருஷம் வரை உள்ளே வைக்கிற குண்டர் சட்டம் நம்மிடம் 1982-லிருந்து இருக்கிறது. பாத்ரூமில் வழுக்கி விழுந்து மாவுக்கட்டோடு வருகிற ரவுடியின் போட்டோவை வாட்ஸ்அப்பில் பார்த்துச் சிரிக்கிறோம், அதுவும் அந்த ரகம்தான். சங்கிலி பறிப்பு வேறு கணக்கு, அதற்கு வேண்டியது புகார் கொடுத்தால் எஃப்.ஐ.ஆர் போடுகிற ஸ்டேஷன். அண்ணனுக்கு அது கிடைக்கவே மூன்று நாள் ஆனது.

இப்போது ஒப்பீட்டுக்கு வருகிறேன். ரத்தத்திலோ குணத்திலோ தேடுவதை விட்டுவிட்டு இரண்டு பேருடைய பேப்பர் வேலையைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

மார்ட்டினெஸ் காலத்தில் இருந்தது 1886-ம் வருஷத்து அரசியல் சட்டம். அதிபர் பதவிக்காலம் நாலு வருஷம், உடனே மறுபடி நிற்கக் கூடாது, பதவிக்காலத்தின் கடைசி ஆறு மாதம் நாற்காலியில் இருந்தவனும் நிற்கக் கூடாது. கவிழ்க்கப்பட்ட அதிபரின் மீதிக் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்த ஜெனரல் என்ன செய்தார்? 1934 ஆகஸ்டில் ராஜினாமா செய்தார். தன் ஆளான ஜெனரல் ஆந்திரேஸ் இக்னாசியோ மெனெந்தெஸை உட்கார வைத்தார். வேறு யாரும் நிற்காத தேர்தலில் ஜெயித்தார். 1935 மார்ச் 1-ம் தேதி மறுபடி பதவியேற்றார். பத்தாயிரக்கணக்கில் கொன்ற மனுஷன், சட்டத்தில் இருக்கிற ஆறு மாதத்தை மட்டும் எண்ணி எண்ணிக் காத்திருந்தார். கொடுங்கோலனுக்குச் சட்டம் பிடிக்காது என்று நினைக்கிறோம், தப்பு. ரப்பர் ஸ்டாம்ப் குத்துவதில் அவர்களைப் போலச் சிரத்தை யாருக்கும் கிடையாது.

இப்போது இருக்கும் 1983 அரசியல் சட்டத்தை எழுதியவர்களுக்கு அந்த அனுபவம் எல்லாம் நினைவில் இருந்திருக்கிறது. பதவிக்காலம் ஐந்து வருஷம், அதற்கு மேல் ஒரு நாள்கூடக் கூடாது என்று அப்படியே எழுதினார்கள். அதிபர்கள் மாறி மாறி வர வேண்டும், அந்த விதியை மீறினால் கிளர்ச்சி செய்வது கடமை என்றே ஒரு பிரிவு. மறுதேர்தலை ஆதரித்துப் பேசுகிறவனுக்குக் குடிமகன் உரிமையே போய்விடும் என்று இன்னொரு பிரிவு. ஒரு வீட்டில் கதவுக்கு ஏழு பூட்டு தொங்கினால் அங்கே எத்தனை தடவை திருட்டு நடந்திருக்கும் என்று தெரிந்துகொள்ளலாம் இல்லையா, அந்த மாதிரி.

புகேலே பூட்டை உடைக்கவில்லை, பூட்டுக்காரனை மாற்றினார். 2021 பிப்ரவரி தேர்தலில் அவருடைய 'புதிய எண்ணங்கள்' கட்சி 84 இடங்களில் 56-ஐப் பிடித்தது. மே 1-ம் தேதி புதுச் சட்டமன்றம் கூடிய முதல் நாளே உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சட்ட அமர்வின் ஐந்து நீதிபதிகளையும் அரசுத் தலைமை வழக்கறிஞரையும் நீக்கியது. செப்டம்பரில், புதிதாக வந்த நீதிபதிகள் ஒரு தீர்ப்பு எழுதினார்கள்: அதிபர் மறுபடி நிற்கலாம், ஆனால் அடுத்த பதவிக்காலம் தொடங்குவதற்கு ஆறு மாதம் முன்னால் நாற்காலியை விட்டு இறங்கிவிட வேண்டும். அந்த மாதம்தான் புகேலே ட்விட்டரில் தன்னை 'உலகின் கூலான சர்வாதிகாரி' என்று அறிமுகம் போட்டுக்கொண்டார், கிண்டலாகத்தான். 2023 டிசம்பர் 1-ம் தேதி அவர் லீவில் போனார். அவருடைய தனிச்செயலாளர் கிளவ்தியா ரோத்ரீகெஸ் பொறுப்பு அதிபரானார். 2024 பிப்ரவரியில் தேர்தல், 80 சதவீதத்தைத் தாண்டிய ஓட்டு, 60 இடங்களாகக் குறைக்கப்பட்ட சட்டமன்றத்தில் 54. ஜூன் 1-ம் தேதி மறுபடி பதவியேற்பு.

1934, 2023. இடையில் 89 வருஷம். அதே ஆறு மாதம், நாற்காலி சூடு ஆறாமல் பார்த்துக்கொள்ள அதே மாதிரி ஒரு நம்பிக்கையான ஆள்.

கதை அங்கே நின்றிருந்தால் தற்செயல் என்றுகூடச் சொல்லலாம். மார்ட்டினெஸுக்கு ஒரு தடவை லீவு போட்டதே அலுத்துப்போனது. 1939-ல் புது அரசியல் சட்டம் கொண்டுவந்தார், பதவிக்காலம் ஆறு வருஷம், தேர்தல் தொந்தரவு இல்லாமல் மன்றமே அவரைத் தேர்ந்தெடுத்தது. 1944-ல் இன்னொரு முறை நீட்டிக்கொண்டார். புகேலே பக்கம்: சட்டத்தைத் திருத்த இரண்டு சட்டமன்றங்களின் ஒப்புதல் வேண்டும் என்றிருந்ததை 2025 ஜனவரியில் ஒரே மன்றம் போதும் என்று ஆக்கினார்கள். அந்த ஜூலை 31-ம் தேதி ஒரே நாளில், 57-க்கு 3 என்ற கணக்கில், எத்தனை தடவை வேண்டுமானாலும் நிற்கலாம், பதவிக்காலம் ஆறு வருஷம், இரண்டாம் சுற்று வாக்குப்பதிவு கிடையாது. அடுத்த தேர்தலும் முன்கூட்டியே 2027-க்கு வந்தது. மறுபடியும் ஆறு வருஷம். ஆறு அவர்களுக்கு ராசியான எண் போல.

இங்கிருந்து ஒப்பீடு உடைகிறது, உடைகிற இடம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. மார்ட்டினெஸை ஊர் பயந்தது. புகேலேயை ஊர் நேசிக்கிறது, கருத்துக்கணிப்பு எடுக்கிறவர்களில் அவரைப் பிடிக்காதவர்களும் இதை மறுப்பதில்லை. பழைய ஜெனரல் ராணுவத்தை வைத்து மக்களை அடக்கினார். புகேலே மக்களை வைத்து மற்ற எல்லாவற்றையும் அடக்குகிறார். 2020 பிப்ரவரி 9-ம் தேதி, பாதுகாப்புச் செலவுக்கு 109 மில்லியன் டாலர் கடனுக்குச் சட்டமன்றம் சம்மதிக்கவில்லை என்று துப்பாக்கி ஏந்திய சிப்பாய்களோடு அவைக்குள் நுழைந்தார், சபாநாயகர் நாற்காலியில் உட்கார்ந்தார், கண்ணை மூடிப் பிரார்த்தனை செய்தார், வெளியே வந்து, கடவுள் பொறுமையாக இரு என்று தன்னிடம் சொன்னதாகக் கூட்டத்திடம் சொன்னார். நாடு அதற்கு என்ன தண்டனை கொடுத்தது? அடுத்த வருஷம் அந்த அவையையே அவர் கையில் கொடுத்தது. கேட்டு நடக்கிற ராணுவமும் முழுசாகத் தலையாட்டுகிற கோர்ட்டும் ஓட்டு வழியாகவே கிடைக்கும்போது ஆட்சிக் கவிழ்ப்பு எதற்கு? எல் ஃபாரோ போன்ற பத்திரிகைகள் புகேலே அரசும் கும்பல்களோடு ரகசியப் பேச்சு நடத்தியது என்று ஆதாரத்தோடு எழுதின, 2021 டிசம்பரில் அமெரிக்க நிதித்துறை அதே குற்றச்சாட்டில் இரண்டு அதிகாரிகள்மீது தடை போட்டது. ஜனம் அதைக் கேட்டுவிட்டுத் தன் கடையைத் திறக்கப் போனது, ஏனென்றால் கடையில் மாமூல்காரன் இல்லை.

இதை வெளியூர்க்காரர்களின் அறியாமை என்று நினைத்து உதட்டைப் பிதுக்க நமக்கு யோக்கியதை இல்லை. எங்கள் வீட்டிலேயே ஒரு பெரியப்பா இருந்தார், ரயில்வேயில் வேலை. "எமர்ஜென்சியிலதான்டா ரயில் நேரத்துக்கு வந்தது" என்று சாகும்வரை சொன்னார். 1976 ஜனவரி 31-ம் தேதி இங்கே தி.மு.க. அரசு கலைக்கப்பட்டது. மிசாவில் பிடித்தவர்களைச் சென்னை மத்திய சிறையில் அடித்த அடியில் முன்னாள் மேயர் சிட்டிபாபு பிறகு செத்தே போனார். 1977 மார்ச்சில் வடக்கே மொத்தமும் இந்திரா காந்தியைத் தூக்கி எறிந்தபோது தமிழ்நாட்டில் காங்கிரஸ் இருந்த கூட்டணிதான் பெரும்பாலான தொகுதிகளை வென்றது. பெரியப்பாவுக்குச் சிட்டிபாபு யாரென்று தெரியும், ரயில் நேரமும் தெரியும். இரண்டில் ரயிலைத்தான் பேசினார். எல் சால்வடோரிலும் பழைய தலைமுறையில் மார்ட்டினெஸ் காலத்தில் கதவைத் திறந்து போட்டுத் தூங்கலாம் என்று சொல்கிறவர்கள் உண்டு. கதவைப் பற்றி யாரும் பொய் சொல்லவில்லை. இஸால்கோவில் யார் கதவு என்றுதான் கேட்க வேண்டியிருக்கிறது.

மார்ட்டினெஸ் விழுந்த விதத்தையும் பார்த்துவிடலாம். 1944 ஏப்ரல் 2-ம் தேதி ராணுவத்துக்குள்ளேயே ஒரு கலகம், தோற்றது, அதிகாரிகளை வரிசையாகச் சுட்டுக் கொன்றார். அதற்குப் பிறகு மாணவர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: ஒன்றும் செய்யாமல் இருப்பது. ஆயுதம் இல்லை, ஊர்வலம்கூட அதிகம் இல்லை, கை கட்டி வீட்டில் உட்காருவது. மாணவர், டாக்டர், கடைக்காரர், வங்கி, ரயில் என்று ஒவ்வொன்றாக நின்றது. மே 7-ம் தேதி போலீஸ் சுட்டதில் ஹோசே ரைட் என்கிற 17 வயதுப் பையன் செத்தான். வசதியான குடும்பம், அமெரிக்கக் குடியுரிமை. இரண்டே நாளில் ஜெனரல் ராஜினாமா செய்தார். 1932-ல் செத்த ஆயிரமாயிரம் பேருக்காக ஒரு கடைகூட மூடாத நகரம், தன் தெருப் பையன் ஒருவன் செத்ததும் மொத்தமாக மூடியது. எனக்கு அதில் கோபம்தான் வருகிறது, ஆனால் வேலை நடந்தது அப்படித்தான். நாற்காலிக்கு அடுத்து வந்தவர் யார் தெரியுமா? 1934-ல் ஆறு மாதம் சூடு பார்த்துக்கொண்ட அதே மெனெந்தெஸ். அவரையும் அக்டோபரில் ராணுவம் கவிழ்த்தது. ஜெனரல் ஹோண்டுராஸில் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தார், 1966-ல் சொந்த டிரைவரே கத்தியால் குத்திக் கொன்றார்.

புகேலேயை நினைத்து 1944-ஐ எதிர்பார்க்கிறவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. அன்று கடையை மூடியவர்கள் யாரோ, அவர்கள்தான் இன்று நிம்மதியாகக் கடையைத் திறந்து வைத்திருக்கிறவர்கள். ஊழலைத் தோண்டிக்கொண்டிருந்த வழக்கறிஞர் ரூத் லோபெஸை 2025 மே மாதம் கைது செய்தார்கள், அவர் வேலை பார்த்த மனித உரிமை அமைப்பு ஜூலையில் நாட்டை விட்டே கிளம்பியது, பத்திரிகையாளர்கள் பலர் பெட்டியைக் கட்டினார்கள். தெரு அமைதியாகத்தான் இருந்தது.

இதில் பாதியை அண்ணனிடம் சொல்லிப் பார்த்தேன். லீவு போட்ட விஷயத்தில் நன்றாகச் சிரித்தார், "நம்ம ஆளுங்க தோத்தானுங்க" என்றார். 80,000 பேர் பெரிதாகப் படவில்லை. கொஞ்ச நேரம் காலரை அழுத்தித் தேய்த்தவர், அவருடைய அக்கா பையன் ஒருவன், போன வருஷம் பைக் ரேஸ் விட்டதாகச் சொல்லி வாரிக்கொண்டு போன கூட்டத்தில் மாட்டி இரண்டு ராத்திரி ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தான், அவனுக்கு பைக்கே ஓட்டத் தெரியாது, அவனை நினைத்துக்கொண்டாரோ என்னவோ, "தப்பா புடிச்சிட்டோம்னு விட்டாங்களே எட்டாயிரம் பேரு, அவங்க மூஞ்சியும் இந்த வீடியோல இருந்திருக்குமா தம்பி?" என்று கேட்டார்.

வீடியோவில் காட்டுவது 2023-ல் திறந்த புதுச் சிறை, 40,000 பேருக்குக் கட்டியது, கேமராவுக்காகவே வெளிச்சம் போட்டு வைத்த மாதிரி இருக்கும். அவசரநிலையில் பிடித்தவர்களில் பெரும்பாலானவர்களை அடைத்திருப்பது பழைய சிறைகளில், மாரியோனாவில், இஸால்கோவில். அங்கே கேமரா போவதில்லை என்றேன்.